ஒன்பது கண் பாலம் ஏன் விழவில்லை?

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு அம்மாயி பண்டாரவளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டிக் குடியேறியவர்களில் ஒருவர். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு ரயில் திரும்ப வந்தபோது ஊரே நிலையத்தில் கூடி நின்றது. 1990இல் நின்றுபோன ரயில் அது. இருபது வயதுப் பிள்ளைகள்கூட அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு ரயிலை நேரில் கண்டார்கள். அம்மாயியும் வந்திருந்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், "இங்க கோச்சி தரையிலயே போகுது. எங்க ஊருல மானத்துல போகும்" என்றார்.

பிள்ளைகள் நம்பவில்லை. கைத்தொலைபேசியில் படத்தை எடுத்துக் காட்டினேன். பச்சைச் சரிவுகளுக்கு நடுவே ஒன்பது வளைவுகள், அவற்றின் முதுகில் ஒரு ரயில். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில் இருக்கிற பாலம். ஒரு பிள்ளை உடனே கேட்டாள்: "சேர், இதுக்குள்ள கம்பியே இல்லையாமே. அப்ப ஏன் விழேல்ல?"

நல்ல கேள்வி. கம்பி கட்டாமல் ஒரு தூண்கூட எழுப்பாத காலத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது நியாயமான சந்தேகம். ரயில் மேடையில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆற்றையோ வாய்க்காலையோ கடக்க ஒரு பாலம் போடுகிறோம். ஒரு பள்ளத்தாக்கையே கடப்பதற்காக, பல கண்களை வரிசையாக வைத்து உயரத்தில் பாதையைக் கொண்டுபோனால் அதை வயடக்ட் என்கிறார்கள். தமிழில் 'கண்' என்ற சொல் இதற்கென்றே பிறந்ததுபோல இருக்கிறது. தென்காசியில் இருந்து கொல்லம் போகிற ரயில் பாதையில், கழுதுருட்டியில் உள்ள கல் பாலத்தைச் சனங்கள் பதிமூன்று கண் பாலம் என்பார்கள். அந்தக் கணக்கில் தெமோதரைப் பாலம் ஒன்பது கண் பாலம்.

வன்னியில் ஏன் இப்படி ஒன்று இல்லை? வவுனியாவில் இருந்து ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி என்று வருகிற பாதை மெல்ல மெல்லக் கடல் மட்டத்துக்கு இறங்குகிறது. 1905இல் வடக்குப் பாதை முழுதாகத் திறக்கப்பட்டபோது இங்கே வேலை செய்தவர்களுக்குக் காடும் மலேரியாவும் மாரி வெள்ளமும்தான் தடை. மலையோ பள்ளத்தாக்கோ இல்லை. தாழ்வான இடத்தில் கொஞ்சம் மண் போட்டு உயர்த்தினார்கள், தண்ணீர் போக மதகும் சிறு பாலமும் வைத்தார்கள், அவ்வளவுதான்.

மலையில் அது நடக்காது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சில்லு உருள்கிறது. உராய்வு குறைவு என்பதால்தான் ஒரு எஞ்சின் அத்தனை பெட்டிகளை இழுக்கிறது. அதே காரணத்தால் ஏற்றத்தில் அது வழுக்குகிறது. மலையகப் பாதையில் அனுமதித்த மிகக் கூடிய சரிவு 44க்கு 1. அதாவது ஒரு மீற்றர் ஏற 44 மீற்றர் ஓட வேண்டும். மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஏற்றமாகவே தெரியாது. பண்டாரவளைக்கு ரயில் 1894இல் வந்துவிட்டது. அங்கிருந்து முப்பத்துச் சொச்சம் கிலோமீற்றரில் இருக்கிற பதுளைக்கு வந்தது 1924இல். இடையில் ஐந்நூறு மீற்றருக்கு மேல் இறங்க வேண்டும். எதிரே பள்ளம் வந்தால் ரயில் இறங்கி ஏற முடியாது, அதே மட்டத்தில் அந்தப் பக்கம் போயாக வேண்டும்.

சரி, மண்ணைக் கொட்டி மேடு கட்டலாமே? குளக்கட்டைத் தெரிந்தவர்களுக்கு இதன் பதில் கையிலேயே இருக்கிறது. கட்டின் உச்சி வண்டில் போகிற அகலம்தான், ஆனால் அடி எவ்வளவு விரிந்து கிடக்கிறது? மண் தன் சரிவில்தான் நிற்கும். ஒரு மீற்றர் உயர்த்த இரு பக்கமும் ஒன்றரை மீற்றர் விரிய வேண்டும் என்று வையுங்கள். உச்சி 6 மீற்றர். 3 மீற்றர் உயரத்துக்கு அடி அகலம் 15 மீற்றர்; கட்டின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் 31.5 கனமீற்றர் மண் வேண்டும். இப்போது உயரத்தை 24 மீற்றர் ஆக்குங்கள். அடி 78 மீற்றர் ஆகிவிடும், மண் 1,008 கனமீற்றர். உயரம் எட்டு மடங்கு, மண் முப்பத்திரண்டு மடங்கு! தெமோதரைப் பாலத்தின் உயரம் ஏறக்குறைய அந்த 24 மீற்றர்தான். மண்வெட்டியும் கூடையுமாக வேலை செய்த காலத்தில், மழை கொட்டுகிற ஒரு மலைச்சரிவில், அத்தனை மண்ணை எங்கே எடுத்து எங்கே கொட்டுவது?

ஆகவே பாலம். இனிக் கல்லுக்கு வருவோம்.

ஒரு வெண்கட்டியை எடுத்து இரண்டு முனைகளையும் விரல்களால் நேராக அழுத்திப் பாருங்கள். லேசில் உடையாது. அதையே வளைத்துப் பாருங்கள், சட்டென்று முறியும். கல்லும் கம்பி போடாத கொங்கிறீட்டும் அப்படித்தான். நல்ல கருங்கல் ஒரு சதுர அங்குலத்தில் பல தொன் அழுத்தத்தைத் தாங்கும். இழுத்தால், அதில் பத்தில் ஒரு பங்குக்கே வெடித்துவிடும், பல வேளை அதற்கும் முன்னாலேயே. வளைக்கும்போது என்ன நடக்கிறதென்றால், மேல் பக்கம் நசுங்குகிறது, கீழ்ப் பக்கம் இழுபடுகிறது. முறிவு எப்போதும் இழுபடுகிற பக்கத்தில் தொடங்குகிறது.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள் இருக்கின்றன. அழகுக்காக மட்டுமா அத்தனை தூண்கள்? தூணுக்கு மேல் உத்தரக்கல்லைப் படுக்கப் போட்டால் அதன் அடிப்பக்கம் இழுபடும். நீளம் கூடக் கூட இழுவையும் கூடும். ஆகவே நம் ஸ்தபதிமார் தூண்களைக் கிட்டக் கிட்ட நட்டார்கள். கல்லின் குணத்தைத் தெரிந்து செய்த வேலை அது. ஒரு பள்ளத்தாக்கின் மேல் ரயில் விட வேண்டும் என்றால் அப்படி எட்டடிக்கு ஒரு தூண் நட முடியாது. அப்போதுதான் வளைவு தேவைப்படுகிறது.

பத்துக் கொப்பிகளை மேசையில் வரிசையாக நிமிர்த்தி வையுங்கள். இரண்டு அந்தங்களிலும் கையை வைத்து நன்றாக அழுத்தி, அப்படியே தூக்குங்கள். பசையில்லை, நூலில்லை, ஆனாலும் நடுக் கொப்பி விழாது. அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் எல்லாம் கொட்டுண்டு போகும். வளைவின் இரகசியம் முழுவதும் இதற்குள் இருக்கிறது. கல்லை ஆப்பு வடிவில், மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் கொத்தி, அரைவட்டமாக அடுக்குகிறார்கள். நடுவில் இருக்கிற கல் கீழே விழத்தான் பார்க்கிறது. ஆனால் அது ஆப்பு. கீழே இறங்க வேண்டுமானால் பக்கத்துக் கற்களை விலக்க வேண்டும். அவை அடுத்த கற்களைத் தள்ளும், அவை அடுத்தவற்றை, இப்படியே அந்தத் தள்ளல் தூணுக்குப் போய், தூண் வழியே நிலத்துக்குப் போகும். விழப் பார்க்கிற முயற்சிதான் வளைவை இறுக்கிப் பிடிக்கிறது. எந்தக் கல்லும் இழுபடுவதில்லை, எல்லாம் அழுந்துகின்றன. கல்லுக்குப் பிடித்தது அதுதானே.

எந்த வடிவத்தில் வளைத்தால் நல்லது? 1675இல் ரொபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானி இதற்கு ஓர் அருமையான பதில் கண்டார். அதை எழுத்துகளைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராகவே அச்சிட்டார். விடை அவர் இறந்த பிறகுதான் வெளியே வந்தது. சங்கிலி தொங்குகிற வடிவத்தைத் தலைகீழாகத் திருப்பினால் உறுதியான வளைவு நிற்கும் என்பதுதான் அந்த விடை. ஒரு சங்கிலியை இரண்டு கையாலும் தொங்கவிட்டுப் பாருங்கள். அதில் இழுவை மட்டும்தான் உண்டு, ஏனென்றால் சங்கிலியால் தள்ள முடியாது. அதைக் கவிழ்த்து நினைத்துப் பாருங்கள், இழுவை அத்தனையும் அழுத்தமாக மாறிவிடும். எனக்கு இயற்பியலில் மிகப் பிடித்த சில விஷயங்களில் இது ஒன்று. வகுப்பில் ஒரு சைக்கிள் செயினை வைத்தே காட்டிவிடலாம்.

கவிழ்த்த அந்தச் சங்கிலிக் கோடு, வளைவின் கற்களுக்குள் அடங்கி ஓட வேண்டும். கல்லின் தடிப்பை மூன்றாகப் பிரித்தால் நடு மூன்றிலொன்றுக்குள் அது இருந்தால் எந்த மூட்டும் வாய் திறக்காது என்பது பழைய பொறியியலாளர்களின் விதி. ரயில் ஏறும்போது சங்கிலியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டதுபோலக் கோடு கொஞ்சம் நெளியும். அதனால்தான் இத்தகைய பாலங்களைக் கனமாகக் கட்டினார்கள். ஒரு கனமீற்றர் கருங்கல் ஏறத்தாழ 2.7 தொன். பாலத்தின் சொந்தப் பாரம் பெரிதாக இருந்தால், வந்து போகிற ரயிலால் அந்தக் கோட்டைப் பெரிதாக நெளிக்க முடியாது. வேறு கட்டடங்களில் சொந்தப் பாரம் ஒரு சுமை. இங்கே அதுவே காவல்.

வெடிப்பு விழுந்த வளைவைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. வளைவில் ஒரு மூட்டு திறந்தால் அது கதவுப் பிணைச்சல்போல நடந்துகொள்ளும். ஒரு பிணைச்சல், இரண்டு, மூன்று வரைக்கும்கூட வளைவு நிற்கும். நாலாவது விழுந்தால்தான் மடிந்து சரியும். நூறு, நூற்றைம்பது வயதுப் பாலங்கள் லேசான கீறல்களோடு இன்னமும் ரயிலைச் சுமப்பதற்கு இது ஒரு காரணம்.

தூணைத் தள்ளுவது யார்?

வளைவு கீழே மட்டும் அழுத்துவதில்லை, வெளிப்பக்கமும் உதைக்கும். இதைப் பள்ளிக்கூட வெளியில் செய்து பார்க்கலாம். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளைச் சேர்த்து, ஒருவர்மேல் ஒருவர் சாயட்டும். அது ஒரு கண். காலடி மணலில் வழுக்கி வெளியே போகப் பார்க்கும். வழுக்காமல் தடுக்க யாராவது குதிக்காலுக்குப் பின்னால் தங்கள் பாதத்தை வைக்க வேண்டும். இனி பக்கத்தில் இன்னொரு சோடியை நிறுத்துங்கள், குதிக்காலோடு குதிக்கால் முட்ட. இந்தச் சோடி இடப்பக்கம் உதைத்தால் அந்தச் சோடி வலப்பக்கம் உதைக்கும். இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும், அந்த இடத்தில் நிலத்துக்குப் பாரம் மட்டும்தான் போகும். அதனால்தான் நடுத் தூண்கள் அத்தனை உயரத்திலும் ஒல்லியாக நிற்க முடிகிறது. முழு உதையையும் வாங்குவது வரிசையின் இரண்டு அந்தங்களும்தான். தெமோதரையில் அந்த இரண்டு அந்தங்களும் மலைச்சரிவில் ஊன்றியிருக்கின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வரிசையில் ஒரு சோடி கையை விட்டால்? பக்கத்துச் சோடியின் உதையைத் தடுக்க ஆளில்லை, அதுவும் சரியும், அடுத்ததும் சரியும். இங்கிலாந்தில் செற்றில் – கார்லைல் பாதையில் இருக்கிற ரிபிள்ஹெட் வயடக்டுக்கு 24 கண்கள், நீளம் 400 மீற்றர், உயரம் 32 மீற்றர். 1870களின் முதற்பாதியில் கட்டினார்கள். தூண்கள் சுண்ணாம்புக்கல், வளைவுகள் செங்கல். அதில் ஒவ்வொரு ஆறாவது தூணையும் மற்றவற்றைவிடத் தடிப்பாக வைத்தார்கள். ஓரிடத்தில் சரிவு தொடங்கினாலும் அந்தத் தடித்த தூணில் வந்து நின்றுவிட வேண்டும் என்பதற்காக. அந்தப் பாலத்தின் படம் கிடைத்தால் தூண்களை எண்ணிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அந்த வெட்டவெளிக் குளிரில் வேலைசெய்த தொழிலாளர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் விபத்தாலும் நோயாலும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டும்போது வளைவு தானாக நிற்காது என்பது இன்னொரு சிக்கல். நடுமுகட்டில் கடைசிக் கல்லை இறக்கும்வரை கொப்பி வரிசைக்கு அழுத்தம் இல்லை. ஆகவே முதலில் மரத்தால் ஓர் அரைவட்டச் சட்டம் செய்து தூக்கி நிறுத்தி, அதன்மேல் இரு பக்கமும் சமமாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். கடைசிக் கல் இறங்கி, சாந்து இறுகிய பிறகு சட்டத்தை மெல்லக் கழற்றுவார்கள். அந்த நிமிடத்தில் வளைவு சற்றே கீழே இறங்கி இறுகும். ஒரு கண்ணுக்குச் செய்த சட்டத்தை அடுத்த கண்ணுக்கும் பாவிக்கலாம். எல்லாக் கண்களும் ஒரே அளவில் இருப்பதற்கு இந்தச் சிக்கனமும் ஒரு காரணம்.

தெமோதரைக் கதை

அந்தப் பாலத்தின் அளவுகள்: நீளம் 300 அடி, உயரம் 80 அடி, அகலம் 25 அடி, ஒவ்வொரு கண்ணும் 30 அடி. 1919க்கும் 1921க்கும் இடையில் கட்டப்பட்டது என்று சொல்லப்படுகிறது. பாதை வளைகிற இடத்தில் பாலமும் வளைந்தே போகிறது. இரும்பு உத்தரம் நேராகத்தான் இருக்கும். வளைவான பாதைக்கு நீளமான நேர் உத்தரம் பொருந்தாது. சிறு சிறு கண்களாக வைத்தால், ஒவ்வொரு தூணையும் ஒரு பக்கம் கொஞ்சம் அகலமாக வைத்துப் பாதையோடு சேர்ந்து திருப்பிவிடலாம். சுவிற்சர்லாந்தின் லான்ட்வாசர் வயடக்டும் இப்படித்தான். 1902இல் முடிந்தது, ஆறு கண்கள், 65 மீற்றர் உயரம், 100 மீற்றர் ஆரையில் திரும்பி நேரே ஒரு மலைச் சுரங்கத்துக்குள் நுழைகிறது.

தெமோதரைப் பாலத்தைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. முதலாம் உலகப் போருக்காக உருக்கு முழுவதும் திருப்பிவிடப்பட்டது, வேலை நின்றது, அப்புஹாமி என்ற கிராமத்து மனிதர் உள்ளூர் ஆட்களை வைத்துக் கல்லும் சீமெந்தும் கொண்டு குறைந்த செலவில் கட்டிக் கொடுத்தார் என்பது அது. ஆவணங்களில் பார்த்தால், வடிவமைத்தவராக இலங்கை அரசாங்க ரயில்வேயின் கட்டுமானப் பிரிவைச் சேர்ந்த ஹரோல்ட் கத்பர்ட் மார்வூட் பெயர் இருக்கிறது. 1923இல் இலங்கைப் பொறியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, வரைபடங்களோடு, இதைக் கொங்கிறீட் வயடக்ட் என்றே சொல்கிறது. எல்லோரும் கல் பாலம் என்று சொன்னாலும் கம்பி இல்லாத கொங்கிறீட்டும் ஒருவகையில் வார்த்தெடுத்த கல்தான். குணம் அதே குணம். என் எண்ணத்தில் இரண்டு கதைகளும் ஒன்றையொன்று அடிப்பதில்லை. வரைபடம் ஒருவர் போட்டிருப்பார். எண்பதடிப் பள்ளத்தில் இறங்கி அத்திவாரம் வெட்டியவர்களும் கல் சுமந்தவர்களும் வேறு ஆட்கள். ஊர் தன் ஆளின் பெயரை நினைவில் வைத்திருப்பது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

இந்த வகைப் பாலங்கள் தெமோதரையில் தொடங்கவில்லை. 1830இல் திறந்த லிவர்பூல் – மான்செஸ்ரர் பாதைக்காக ஜோர்ஜ் ஸ்ரீபன்சன் கட்டிய சாங்கி வயடக்டுக்கும் ஒன்பது கண்கள்தான். கீழே கால்வாயில் பாய்மரப் படகுகள் போகும், பாய்மரம் முட்டக்கூடாது என்பதால் அதை அத்தனை உயரத்தில் தூக்கினார்கள். அதற்கும் முன்னால் உரோமர்கள் இதே கண் வரிசையில் தண்ணீர் கொண்டுபோனார்கள்.

இத்தனை உறுதியான பாலத்துக்கும் ஓர் எதிரி உண்டு. ரயில் அல்ல, தண்ணீர். வளைவுகளுக்கு மேலே இரு பக்கமும் சுவர் எழுப்பி, நடுவில் கல்லும் சல்லியும் நிரப்பி, அதன்மேல் சிலிப்பர்க் கட்டையும் தண்டவாளமும் வைக்கிறார்கள். மழைநீர் அந்த நிரப்புக்குள் தேங்கினால் பக்கச் சுவரை வெளியே தள்ளும், சாந்தைக் கரைக்கும். ஆகவே வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மரம். ஒரு காகம் எச்சமிட்ட விதையில் இருந்து முளைக்கிற ஆலும் அரசும் சுவரை என்ன செய்யும் என்று வன்னியில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எத்தனை வீட்டுச் சுவர்களைப் பிளந்துகொண்டு அவை நின்றன! மூட்டுக்குள் வேர் இறங்கினால் அது கல்லை இழுத்துப் பிரிக்கும், கல் தாங்காத ஒரே காரியம் அதுதான். விரலளவில் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் யாழ்தேவியில் ஏறிப் பொல்காவலையில் இறங்கினால், அங்கேதான் நம் வடக்குப் பாதை பிரதான பாதையோடு சேர்கிறது. பதுளை ரயில் அந்த வழியாகத்தான் போகும். எல்லவில் இறங்கி நடக்கலாம். தண்டவாளத்தில் நின்று படம் எடுக்கிற கூட்டத்தோடு சேராதீர்கள், திருப்பத்தில் வருகிற ரயில் கடைசி நேரத்தில்தான் தெரியும். கீழே இறங்கி ஒரு கண்ணுக்கு நேர் எதிரே, விலகி நின்று அண்ணாந்து பாருங்கள். தூண் அடியில் அகன்று மேலே போகப் போக ஒடுங்குவது தெரியும். ரயில் வரும்வரை பொறுத்திருங்கள். சத்தம் மலையில் எதிரொலித்து வரும், மேலே பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போகும், தலைக்கு மேலே உள்ள வளைவு அசையாது. அந்த நேரத்தில் கொப்பி வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி கேட்ட பிள்ளையையும் அம்மாயியையும் ஒருநாள் அங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இருக்கிறேன். அம்மாயி இப்போதே எந்த நிலையத்தில் வடை நல்லது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.